பன்னுக்குக் கூடிய கூட்டம் பட்டறைக்கு வரவில்லை

2024 செப்டம்பர் 11 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவை கொடிசியா அரங்கில் தொழில் துறையினரைச் சந்தித்தார். ஓட்டல்காரர்கள் சார்பில் எழுந்து பேசியவர் ஸ்ரீ அன்னபூர்ணா குழுமத்தின் ஸ்ரீனிவாசன். ஓட்டல் நடத்துகிற எவரும் கல்லாவில் உட்கார்ந்து தினம் தினம் படுகிற பாட்டை அவர் சொன்னார். இனிப்புக்கு 5 சதவீதம், காரத்துக்கு 12 சதவீதம், வெறும் பன்னுக்கு வரியே இல்லை, அதே பன்னுக்குள் கிரீம் வைத்துவிட்டால் 18 சதவீதம். கிரீமைத் தனியாகக் கொடுங்கள், நானே வைத்துக்கொள்கிறேன் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். ஒரே குடும்பம் வந்து நாலு விதமாக வாங்கினால் பில் போடுகிற கம்ப்யூட்டரே திணறுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே விகிதமாக வைத்துவிடுங்கள் என்று கேட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. சிரிக்கச் சிரிக்கச் சொன்னாலும் அது முழுமையான கோரிக்கை. நிலவரம், பாதிப்பு, தீர்வு மூன்றும் அதில் இருந்தன. கூட்டத்தில் பேசிப் பழகிய தொழில்காரர் ஒருவர், சங்கத்தின் சார்பில், கேட்க வேண்டிய இடத்தில் கேட்டது.

அந்தப் பேச்சின் வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மறுநாள் அவர் நிதியமைச்சரைத் தனியே சந்தித்து வருத்தம் தெரிவித்த காட்சியும் வெளியே வந்தது. அதன் பிறகு நடந்ததை நாடே பார்த்தது. மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டார் என்றது ஒரு தரப்பு. அவராகவே நேரம் கேட்டு வந்தார் என்றது மறு தரப்பு. ராகுல் காந்தி கண்டித்தார். தனிப்பட்ட சந்திப்பின் காட்சியைக் கட்சிக்காரர்கள் வெளியிட்டதற்காகத் தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை வருத்தம் தெரிவித்தார். கேலிப் படங்கள், பதில் கேலிப் படங்கள், சாதி, கட்சி, கோவைப் பெருமை, ஓட்டலின் சாம்பார் என்று மூன்று நாளில் லட்சக்கணக்கானோர் கருத்துச் சொன்னார்கள். அந்தப் பேச்சில் கிட்டத்தட்ட யாருமே தொடாத ஒன்று உண்டு. பன்னுக்கு ஏன் வரி இல்லை, கிரீம் பன்னுக்கு ஏன் 18 சதவீதம், அதை மாற்றுகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஸ்ரீனிவாசன் எழுப்பிய கேள்வி அது ஒன்றுதான். நான் சொல்ல வருவதும் இதைப் பற்றித்தான். செய்திக்கு நாம் கைபேசியில் காட்டுகிற உடனடி எதிர்வினை, ஒரு பொருளைப் பற்றிய கேள்வியை ஒரு முகத்தைப் பற்றிய சண்டையாக மாற்றிவிடுகிறது. அதில் தோற்பது கேள்வி. கேள்விக்குப் பின்னால் நிற்கிற, யாரும் பார்க்காத ஆட்களும் கூடவே தோற்கிறார்கள்.

முதலில் அந்தக் கேள்விக்கு உள்ள பதிலைப் பார்த்துவிடுவோம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது ஒரே விகிதம் வைக்காமல் 5, 12, 18, 28 என்று படிப்படியாக வைத்தார்கள். ஏழை சாப்பிடுகிற பண்டத்துக்கு வரி கூடாது, வசதிக்கு வாங்குகிற பண்டத்துக்கு வரி இருக்கட்டும் என்பது அதன் நியாயம். ரொட்டி சோறு மாதிரி. கேக் ஆசைக்குச் சாப்பிடுவது. அதனால் ரொட்டிக்கு வரி கிடையாது, கேக்குக்கு 18. நினைப்பு நல்லதுதான். ஆனால் ரொட்டி எங்கே முடிகிறது, கேக் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு கிழித்தாக வேண்டும். கோடு கிழித்த இடத்தில் வழக்கு முளைக்கும். இங்கிலாந்தில் ஜாஃபா கேக் என்கிற தின்பண்டம் கேக்கா பிஸ்கட்டா என்று 1991-ல் வரித் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. பழசானால் பிஸ்கட் நமுத்துப்போகும், கேக் இறுகிவிடும், இது இறுகுகிறது என்பதும் ஒரு காரணமாகி அது கேக்தான் என்று தீர்ப்பானது. அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2020-ல், சப்வே கடையின் ரொட்டியில் சர்க்கரை அதிகம் இருப்பதால் சட்டப்படி அதை ரொட்டி என்று கொள்ள முடியாது என்றது. அதே 2020-ல் நம் பக்கத்து கர்நாடகாவில் பாக்கெட் மலபார் பரோட்டா சப்பாத்தி வகையில் சேராது, 18 சதவீதம் கட்ட வேண்டும் என்று ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம் சொன்னது. அன்றைக்கு பரோட்டாவுக்காகப் பொங்கியவர்கள், இது உலகமெங்கும் பல படி வரி வைத்த எல்லா நாட்டிலும் வருகிற சிக்கல் என்று பேசியிருந்தால், பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கும். வடக்கு தெற்கு, அரிசி கோதுமை என்று போய் நின்றது.

இன்னொன்றும் பேச்சில் காணாமல் போனது. வரி விகிதத்தை ஒரு அமைச்சர் தனியாக மாற்ற முடியாது. அரசியல் சட்டத்தின் 279ஏ பிரிவின்படி ஜிஎஸ்டி கவுன்சில்தான் பரிந்துரைக்க வேண்டும். அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். மத்திய அரசு மட்டும் நினைத்தாலும் முடியாது, மாநிலங்கள் எல்லாம் கைகோத்து மத்திய அரசைத் தள்ளிவிட்டும் முடியாது. தமிழ்நாட்டின் பிரதிநிதியும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கொடிசியா கூட்டத்துக்கு இரண்டே நாள் முன்பு, செப்டம்பர் 9-ல், கவுன்சில் கூடிச் சில வகைக் காரத் தின்பண்டங்களின் வரியை 18-லிருந்து 12 ஆகக் குறைத்திருந்தது. ஆக, கோவையில் எழுந்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். கைபேசியில் நாம் பார்த்தது இரண்டே முகங்கள்.

இது ஏன் இப்படி ஆகிறது? மக்களின் மனசு கெட்டுவிட்டது என்று சொல்வது சோம்பேறித்தனமான பதில். கருவிக்கு ஒரு பங்கு இருக்கிறது, அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2017-ல் பேஸ்புக், கோபம், சிரிப்பு, வியப்பு போன்ற முகக்குறிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து, எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று முடிவு செய்தது. நிறுவனத்தின் உள்ஆவணங்கள் 2021-ல் வெளியே வந்தபோதுதான் இது தெரிந்தது. கோபக்குறியின் மதிப்பை அவர்களே 2020-ல் பூஜ்யமாக்க வேண்டியிருந்தது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடினால், பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் கூடியது. அவமானம், துரோகம், ஆணவம் என்பவை அந்த வகைச் சொற்கள். வகைப்பாடு, விகிதம், உள்ளீட்டு வரி என்பவை அந்த வகையில் சேராதவை. இன்னொரு ஆய்வு இதைவிடக் கவலை தருவது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷியாம் சுந்தரும் உடன் ஆய்வாளர்களும் பேஸ்புக்கில் 2017 முதல் 2020 வரை பகிரப்பட்ட மூன்றரைக் கோடிப் பதிவுகளை ஆராய்ந்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். செய்தி இணைப்பைப் பகிர்ந்தவற்றில் சுமார் 75 சதவீதம், உள்ளே போய்ப் படிக்காமலே பகிர்ந்தது. தலைப்பைப் பார்க்கிறோம், நமக்குப் பிடித்த பக்கமா பிடிக்காத பக்கமா என்று பார்க்கிறோம், அனுப்பிவிடுகிறோம். கிரீம் பன் செய்தியில் முகமும் அவமானமும் சிரிப்பும் கட்சியும் சேர்ந்து கிடந்தன. அது பரவாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பரவியதில் என்ன தப்பு, கடைசியில் வரி குறைந்ததே என்று கேட்பார்கள். இது வலுவான மறுப்பு. நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 3-ல் நடந்த கவுன்சிலின் 56-வது கூட்டம், 12, 28 படிகளை எடுத்துவிட்டுப் பெரும்பாலான பொருட்களை 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் கொண்டுவந்தது. செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட், பேக்கரிப் பண்டங்களின் வரி 18-லிருந்து 5 ஆனது. காரமும் 5 ஆனது. பரோட்டாவுக்கு வரியே இல்லை. ஸ்ரீனிவாசன் கேட்டதில் பெரும்பகுதி ஒரு வருடத்தில் கிடைத்துவிட்டது. விகிதங்களைச் சீரமைக்க மாநில அமைச்சர்கள் குழு 2021-லேயே அமைக்கப்பட்டு வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் பன்னும் பரோட்டாவும் ஊர் சிரிக்கும் விஷயமானது அந்த வேலையை விரைவுபடுத்தியிருக்கலாம் என்பதை நான் மறுக்க மாட்டேன். அரசுக்கு வெட்கம் வருவதும் ஜனநாயகத்தில் ஒரு நல்ல சக்திதான்.

ஆனால் அதே செப்டம்பர் 22-ல், அதே அறிவிப்பில் இன்னொரு வரி கூடியது. இயந்திர வேலைகளுக்கான ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் கொடுக்கும் பொருளை வாங்கிக் கடைந்து, துளை போட்டு, அரைத்துத் திருப்பிக் கொடுக்கிற கூலி வேலைக்கு 12 சதவீதமாக இருந்தது 18 ஆனது. கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் ஆவாரம்பாளையத்திலும் சந்துக்குச் சந்து இருக்கிற லேத் பட்டறைகள் செய்வது இந்த வேலைதான். 2019 அக்டோபரில்தான் 18-லிருந்து 12 ஆகக் குறைத்திருந்தார்கள். அதை 5 ஆக்குங்கள் என்று கோவையின் குறுந்தொழில் அமைப்புகள் வருடக்கணக்காக மனுக் கொடுத்து வந்தன. குறைப்பதற்குப் பதில் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டார்கள். கிரீம் பன்னுக்காகக் கொதித்த கைபேசிகளில் இதற்கு எந்தச் சத்தமும் இல்லை.

ஒரு பட்டறைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாலு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஐந்தாறு ஆட்கள். பம்ப் கம்பெனியிலிருந்து வார்ப்பும் ஷாஃப்ட்டும் வரும். அளவுக்குக் கடைந்து கொடுக்க வேண்டும். போடுகிற பில்லில் ஒவ்வொரு லட்ச ரூபாய்க்கும் முன்பு 12,000 ரூபாய் வரி, இப்போது 18,000. கம்பெனியிடமிருந்து பணம் கைக்கு வர 60 நாளும் ஆகும், 90 நாளும் ஆகும். வரியை அடுத்த மாசமே கட்டியாக வேண்டும். கட்டிய வரியை வாங்குகிறவர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாமே, யாருக்கும் நஷ்டமில்லையே என்று வரி நிபுணர்கள் சொல்வார்கள். காகிதத்தில் அது சரி. கம்பெனிக்கு அது கிடைக்கும். பட்டறைக்காரர் தன் செலவில் எதைக் கழிப்பார்? அவருடைய பெரிய செலவுகள் கூலியும் கரண்ட் பில்லும். கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது, மின்சாரத்துக்கும் விலக்கு இருக்கிறது. கழிக்க ஒன்றும் பெரிதாக இல்லாததால் கிட்டத்தட்ட முழுத் தொகையையும் கையிலிருந்து போட வேண்டும். கையில் இல்லையென்றால் வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டும். மாசா மாசம் லட்சத்துக்கு 6,000 ரூபாய் கூடுதலாக, பணம் வரும் வரை முடங்கிக் கிடக்கிறது. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற மிகச் சிறிய பட்டறைகள் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது உண்மை. அதைத் தாண்டிய, ஐந்து பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிற பட்டறைகள்தான் இந்த ஊரின் முதுகெலும்பு.

இது ஒருமுறை தற்செயலாக நடந்தது என்றால் விட்டுவிடலாம். 2022 ஜூலை 18-ம் இதே கதைதான். அன்றைக்கு பாக்கெட் தயிர், மோர், அரிசி, மாவு ஆகியவற்றுக்கு 5 சதவீத வரி வந்தது. தயிருக்கும் வரியா என்று நாடு முழுக்கக் கோபம். அந்தக் கோபம் நியாயமானது. அதே தேதியில் வெட் கிரைண்டருக்கு 5-லிருந்து 18 ஆகவும், தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்புக்கு 12-லிருந்து 18 ஆகவும் வரி ஏறியது. இந்தியாவின் கிரைண்டரும் பம்ப்செட்டும் பெரும்பங்கு செய்யப்படுவது கோவையில். புவிசார் குறியீடே பெற்ற பொருள் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். இட்லி மாவு ஆட்டுகிற வீடுகளுக்கும் கிணற்றில் மோட்டார் இறக்குகிற விவசாயிக்கும் நேரடியாக விழுந்த சுமை அது. தொழில் அமைப்புகள் முறையிட்டன. கைபேசியில் அதற்குக் கூட்டம் சேரவில்லை. இரண்டு முறையும் நாக்குக்கு எட்டியது பரவியது, கைத்தொழிலைத் தொட்டது அமுங்கியது. சத்தத்தைப் பார்த்து அரசு வளைந்து கொடுக்கும் என்றால், சத்தம் எழாத இடத்தில் வரியை ஏற்றுவது அரசுக்குச் சுலபம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. எதிர்வினை ஜெயித்தது என்று கொண்டாடுகிறவர்கள் இந்த மறுபாதியையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஜாப் ஒர்க் மாதிரி வறண்ட விஷயத்தை யார் ஷேர் பண்ணுவார்கள் என்று கேட்கலாம். வறண்டது என்பதால் சொல்ல முடியாதது ஆகிவிடாது. ஸ்ரீனிவாசன் செய்து காட்டியதே அதற்குச் சான்று. தீர்வை அட்டவணையில் புதைந்து கிடந்த ஒரு வகைப்பாட்டை, கிரீமைத் தனியாகக் கேட்கிற ஒரு வாடிக்கையாளரை வைத்து எல்லோருக்கும் புரியவைத்தார். 90 நாள் பணம் வராமல் அடுத்த மாசமே வரி கட்டுகிற லேத்காரரின் கணக்கும் அதே அளவு எளிமையானது. அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு பத்திரிகைகளுக்கும் தொழில் அமைப்புகளுக்கும் இருக்கிறது. அந்த மூன்று நாள் பரபரப்பில் யார் யாரை என்ன சொன்னார் என்று பக்கம் பக்கமாகவும் மணிக்கணக்காகவும் ஓட்டிய ஊடகங்கள், கவுன்சில் எப்படி வாக்களிக்கிறது என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தாலே வாசகர் கேள்வியோடு நின்றிருப்பார். பழியை முழுக்க ஷேர் செய்தவர் தலையில் போடுவது நியாயமில்லை.

இன்னொரு மறுப்பு எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அன்றைக்கு விஷயம் வரியா, சுயமரியாதையா? பொது மேடையில் நியாயமாகக் கேள்வி கேட்ட ஒருவர், தனியறையில் வருத்தம் தெரிவிக்கும் காட்சி ஊருக்கே காட்டப்பட்டது. அதைக் கண்டு கொதிக்காதவனுக்கு வரி விகிதத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அந்தக் காட்சியை வெளியிட்டது தவறு. வெளியிட்ட தரப்பின் தலைவரே அதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டார். அதிகாரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிற குடிமகனின் மரியாதை வரியைவிடப் பெரியது. ஆனால் கேள்வி கேட்டவருக்கு நாம் செய்கிற முதல் மரியாதை, அவர் கேட்டதைக் காது கொடுத்துக் கேட்பது. அவருக்காகக் கொதித்தவர்களும் அவரைக் கேலி செய்தவர்களும் சேர்ந்து அவரை ஒரு அடையாளப் பொம்மையாக்கினார்கள். சங்கத்தின் சார்பில் எழுந்து பேசினால் இதுதான் நடக்கும் என்று மற்ற தொழில்காரர்கள் எடுத்துக்கொண்டால், அடுத்த கொடிசியா கூட்டத்தில் யார் எழுந்து பேசுவார்கள்? கோவையில் தொழில் செய்கிறவர்கள் பேச்சைக் குறைத்து வேலையைப் பார்க்கிறவர்கள். அவர்களைப் பேச வைப்பதே பெரும்பாடு.

வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. வாட்ஸ்அப்பும் வீடியோவும் வருமுன், ஒரு ஓட்டல்காரரின் கேள்வி கூட்டக் குறிப்பில் ஒரு வரியாக முடிந்திருக்கும். அது நாலு பேருக்குத் தெரிய வந்தது நல்லதே. கோபப்படுங்கள். கோபத்தோடு மூன்று விஷயத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: விகிதம் எவ்வளவு, யார் முடிவு செய்தார்கள், அதே பட்டியலில் வேறு எது மாறியது? கவுன்சில் கூடிய அன்றே முழுப் பட்டியலும் அரசின் செய்திக் குறிப்பில் வெளியாகிவிடுகிறது. படிக்கக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தை 2025 செப்டம்பரில் செலவழித்திருந்தால், பேக்கரி வரி குறைந்த அதே ஆவணத்தில் ஜாப் ஒர்க் வரி ஏறியதும் கண்ணில் பட்டிருக்கும்.

கொங்கு நாட்டு வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ உறவிலோ லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவராவது இருப்பார். அவரிடம் ஜாப் ஒர்க் வரி 12-லிருந்து 18 ஆனதில் மாசம் எவ்வளவு முடங்குகிறது என்று கேட்டு, அந்தத் தொகையோடு உங்கள் தொகுதி எம்.பி.க்கும் மாநில நிதியமைச்சருக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். அடுத்த கவுன்சில் கூட்டத்தில் தமிழ்நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்காரப்போகிறவர் கையில் அந்தக் கடிதங்கள் இருக்க வேண்டும்.